கருவி வந்துவிட்டது, கையாளப்போவது யார்? சிறைக் காவலர் பயிற்சிக்கு மூன்று வழிகள்

"ரெண்டு கோடு வந்துருச்சு சார். பாசிட்டிவ்."

சொன்னவர் ஓர் இளம் சிறைக் காவலர். அவர் கையில் இருந்தது கட்டைவிரல் அகலத்தில் ஒரு வெள்ளை பிளாஸ்டிக் கேசட். சிறுநீரை மூன்று சொட்டு விட்டால், கஞ்சா புகைத்தவரா என்று ஐந்து நிமிடத்தில் காட்டும். 'சி' என்ற எழுத்துக்கு நேரே ஒரு சிவப்புக் கோடு, 'டி' என்ற எழுத்துக்கு நேரே இன்னொன்று, கொஞ்சம் மங்கலாக. கர்ப்பம் பார்க்கும் அட்டையில் இரண்டு கோடு வந்தால் 'உண்டு' என்று அர்த்தம். வீட்டில் அதைப் பார்த்துப் பழகிய கண் அது. போதைப்பொருள் கேசட் இதற்கு நேர் எதிர். சிறுநீரில் போதைப்பொருள் இருந்தால் 'டி' கோட்டை அது வரவிடாது. கோடு வந்துவிட்டால், எவ்வளவு மங்கலாக இருந்தாலும், 'இல்லை' என்றுதான் எழுத வேண்டும்.

"இதுவரை எத்தனை பேருக்குப் பார்த்தீங்க தம்பி?"

"பதினோரு பேருக்கு சார்."

அன்று சாயந்திரம் வரை உட்கார்ந்து குறிப்பேட்டைப் புரட்டினோம். மூன்று பேர் பெயர் தவறாக ஏறியிருந்தது. அதில் ஒருவருக்கு இரண்டு வாரம் மனு, அதாவது வீட்டார் வந்து பார்க்கும் சந்திப்பு, நிறுத்தப்பட்டிருந்தது. அவருடைய அம்மா பஸ் பிடித்து வந்து, கேட்டில் நின்றுவிட்டுத் திரும்பிப் போயிருக்கிறார். அந்தக் காவலர் மேல் எனக்குக் கோபம் வரவில்லை. அவர் பயிற்சி பெற்றவர்தான். கருவிகளை விற்ற நிறுவனம் கொடுத்த ஒரு நாள் பயிற்சிச் சான்றிதழை லேமினேட் செய்து பத்திரமாக வைத்திருந்தார்.

தடய அறிவியல் ஆய்வகத்தின் போதைப்பொருள் பிரிவில் பல வருடம் வேலை பார்த்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். கூப்பிட்ட சிறைகளுக்குப் போய்ச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். தமிழ்நாட்டில் புழல் 1, புழல் 2, வேலூர், கடலூர், திருச்சி, சேலம், கோவை, மதுரை, பாளையங்கோட்டை என்று ஒன்பது மத்திய சிறைகள். போதைப்பொருள் கண்டறியும் கருவி வாங்குவது பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் எந்த மாடல், எவ்வளவு விலை, எத்தனை வருட வாரண்டி என்று பக்கம் பக்கமாக எழுதுகிறார்கள். நான் பார்த்த டெண்டர்களில் பயிற்சிக்கு இருந்தது ஒரே வரி. அந்த ஒரு வரியில் என்ன எழுதலாம் என்பதைத்தான் இங்கே ஒப்பிட்டுப் பார்க்கப்போகிறேன். முடிவெடுக்கும் இடத்தில் இருக்கும் கண்காணிப்பாளர்களையும் பயிற்சிப் பொறுப்பில் இருப்பவர்களையும் மனதில் வைத்து எழுதுகிறேன்.

நடைமுறையில் மூன்று வழிகள் உண்டு. விற்ற நிறுவனத்தின் ஆளே வந்து ஒரு நாளில் எல்லோருக்கும் காட்டிவிட்டுப் போவது ஒன்று. சிலரைத் தேர்ந்தெடுத்து வேலூரில் உள்ள சிறை அலுவலர் பயிற்சி நிறுவனத்துக்கு அனுப்புவது இரண்டாவது. ஒவ்வொரு சிறையிலும் ஒரு சிறு குழுவை நிறுத்தி, அங்கேயே, அந்த கேட்டிலேயே வாராவாரம் பழக்குவது மூன்றாவது. நான்காவதாக ஒரு யோசனையும் அடிக்கடி வரும்: காவலர்களுக்கு எதற்கு, ஒரு பறக்கும் படை வைத்துக்கொள்ளலாமே என்று. திடீர் சோதனைக்கு அது உதவும். ஆனால் தினமும் காலையில் கோர்ட்டுக்குப் போய்ச் சாயந்திரம் வழிக்காவலோடு திரும்பும் விசாரணைக் கைதிகளை யார் பார்ப்பது? படை அடுத்த ஊரில் இருக்கும். அதனால் அதை இத்தோடு விட்டுவிடுகிறேன்.

எந்த வழி நல்லது என்று கேட்பதற்கு முன், என்ன கற்றுக்கொள்ள வேண்டும் என்று பார்த்துவிட வேண்டும். பொத்தானை அழுத்தக் கற்றுக்கொள்ளப் பத்து நிமிடம் போதும். கருவி 'ஆம்' என்று சொன்னால் அது எந்த அளவுக்கு ஆம், 'இல்லை' என்றால் அது எதையெல்லாம் பார்க்காமல் சொன்ன இல்லை என்பதுதான் பாடம்.

கேசட்டிலிருந்தே தொடங்கலாம். கஞ்சாவுக்கான கேசட் வழக்கமாக ஒரு மில்லிலிட்டர் சிறுநீரில் 50 நானோகிராம் என்ற அளவை எல்லையாக வைத்திருக்கும். நாள்பட்டுப் புகைத்தவருக்குக் கடைசியாகப் புகைத்த பிறகும் வாரக்கணக்கில் 'உண்டு' என்றே காட்டும். நேற்று உள்ளே வந்த விசாரணைக் கைதிக்கு 'உண்டு' வந்தால், சிறைக்குள் கஞ்சா புழங்குகிறது என்று அதற்கு அர்த்தமில்லை. அவர் வெளியில் எப்படி இருந்தார் என்பதைத்தான் அது சொல்கிறது. அவரைத் தண்டிப்பதை விட, டாக்டரிடம் காட்டுவதுதான் முதல் வேலை. இன்னொரு பக்கம், இப்போது தமிழ்நாட்டில் பெரிய தலைவலியாக இருக்கும் டபென்டடால் வலி மாத்திரையை, அபின், மார்ஃபின் வகைக்கான சாதாரண கேசட் கண்டுபிடிக்காது. பத்து மாத்திரை போட்டவருக்கும் அந்த கேசட்டில் அழகாக இரண்டு கோடு வரும். டிரமடாலுக்கும் தனி கேசட்தான் வேண்டும். இது தெரியாத காவலர், கண் சொருகி நிற்கிற ஆளைப் பார்த்தும் "டெஸ்ட்ல ஒண்ணுமில்ல" என்று எழுதி அறைக்கு அனுப்பிவிடுவார். ராத்திரி அடைப்புக்குப் பிறகு அந்த ஆளுக்கு மூச்சு குறைந்தால் கவனிக்க யாரும் இருக்க மாட்டார்கள். 'இல்லை' என்பதைத் தப்பாகப் புரிந்துகொண்டால் ஒரு உயிர் போகலாம் என்று நான் சொல்வது இதனால்தான்.

அடுத்து சாயப் பரிசோதனைப் பெட்டி. சின்னக் குப்பிகளில் ரசாயனம் இருக்கும். சந்தேகப் பொருளில் ஒரு சிட்டிகை போட்டு நிறம் பார்ப்பது. ஃபாஸ்ட் புளூ பி என்ற சாயம் கஞ்சாவில் பட்டால் செந்நீலமாக மாறும். மார்க்விஸ் கரைசல் அபின் வகைக்கு ஊதாவாகவும், ஆம்ஃபெட்டமைன் வகைக்கு ஆரஞ்சு கலந்த பழுப்பாகவும் மாறும். கேட்பதற்குச் சுலபம். கையில் எடுத்தால் மூன்று சிக்கல். மார்க்விஸில் இருப்பது அடர் கந்தக அமிலம். கண்ணில் தெறித்தால் பார்வை போகும். டியூப்லைட் வெளிச்சத்தில் ஒருவர் செந்நீலம் என்பார், பக்கத்தில் நிற்பவர் பழுப்பு என்பார். மூன்றாவது, வெயில். ஏப்ரல், மே மாதத்தில் கேட் அறையில் தகரக் கூரைக்குக் கீழே இருந்த பெட்டி கெட்டுப்போய்விடும். கெட்ட கரைசல் எதற்கும் நிறம் மாறாது, அல்லது எல்லாவற்றுக்கும் மாறும். அதனால் எப்போதும் முதலில் வெறும் கரைசல், பிறகு தெரிந்த மாதிரி, கடைசியாகத்தான் சந்தேகப் பொருள். இந்த வரிசையை ஒருவர் நூறு முறை செய்திருந்தால்தான் பதற்றத்தில் மறக்க மாட்டார்.

நிறம் மாறியதோடு வேலை முடிவதுமில்லை. பெட்டியில் வருவது சந்தேகத்தை உறுதிப்படுத்தும் ஒரு குறிப்பு மட்டும். கோர்ட்டில் நிற்பது தடய அறிவியல் ஆய்வகத்தின் அறிக்கை. 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டத்தில் கஞ்சா என்பது செடியின் பூவும் காயும் உள்ள நுனிப் பகுதி. நுனி இல்லாமல் விதையும் இலையும் மட்டும் இருந்தால் அது கஞ்சா ஆகாது. ஃபாஸ்ட் புளூ இலைக்கும் சிவக்கும், நுனிக்கும் சிவக்கும். அந்த வித்தியாசத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல ஆய்வகத்து ஆள் வேண்டும். அதே சட்டத்தின் 52ஏ பிரிவின்படி கோர்ட்டுக்கான மாதிரி மாஜிஸ்திரேட் முன்னிலையில் எடுக்கப்பட வேண்டும் என்று 2016இல் மோகன்லால் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொன்னது. 2022ஆம் ஆண்டின் விதிகளும் அதைத்தான் சொல்கின்றன. ஆகவே காவலர் ஒரு சிட்டிகைக்கு மேல் எடுக்கக் கூடாது. பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி, பங்கு போட்டு, வேறு கவரில் மாற்றி வைத்தால், கண்டுபிடித்த பெருமை அவருக்கு, விடுதலை குற்றம் சாட்டப்பட்டவருக்கு. பிடித்த நேரம், யார் கையிலிருந்து யார் கைக்குப் போனது, எடை எவ்வளவு, யார் சீல் வைத்தது என்று எழுதும் பழக்கமும் கருவிப் பயிற்சியில் சேர்ந்ததுதான். எந்தக் கம்பெனி ஆளும் இதைச் சொல்லிக்கொடுத்து நான் பார்த்ததில்லை.

துகள் கண்டறியும் கருவிதான் இருப்பதிலேயே கவர்ச்சியானது. துணி போன்ற ஒரு பட்டையால் கையை, பையை, கடிதத்தைத் துடைத்து உள்ளே செருகினால் சில நொடியில் சிவப்பு அல்லது பச்சை. உள்ளே நடப்பது இவ்வளவுதான்: பட்டையைச் சூடாக்கி ஆவியாக்குகிறது, ஆவிக்கு மின்னேற்றம் கொடுக்கிறது, ஒரு குழாயில் ஓடவிட்டு எவ்வளவு நேரத்தில் மறுமுனைக்கு வருகிறது என்று அளக்கிறது. அந்த நேரத்தைத் தன்னிடம் உள்ள பட்டியலோடு ஒப்பிட்டுப் பெயர் சொல்கிறது. பெயர் தவறலாம். கஞ்சாவில் இருக்கும் டிஎச்சியும் ஹெராயினும் இந்தக் குழாயில் ஏறக்குறைய ஒரே நேரத்தில் ஓடி முடிப்பவை. பட்டியலில் இல்லாத பொருளுக்குக் கருவி பச்சையே காட்டும். இதைப் பற்றி ஸ்காட்லாந்துச் சிறைகள் நன்றாகப் பட்டுத் தெரிந்துகொண்டன. அங்கே செயற்கைக் கஞ்சா வகை ரசாயனங்களைத் தாளில் ஊறவைத்துக் காயவைத்து, அதில் கடிதம் எழுதி அனுப்பினார்கள். ரசாயனத்தின் வடிவம் மாறிக்கொண்டே இருக்கும். போன வருடத்துப் பட்டியல் இந்த வருடத்துக் கடிதத்துக்கு உதவாது. டண்டீ பல்கலைக்கழகத்தின் தடய அறிவியல் ஆய்வாளர்கள் சிறைத்துறையோடு சேர்ந்து, பிடிபட்ட தாள்களைச் சோதித்து என்னென்ன புதிதாக வருகிறது என்று தொடர்ந்து சொல்லிவந்தார்கள். அப்படியும் போதாமல், 2021 டிசம்பரிலிருந்து கைதிகளுக்கு வரும் கடிதங்களை நகலெடுத்து நகலைத்தான் கொடுக்கிறார்கள். இதில் நான் எடுத்துக்கொள்வது, கருவியோடு ஓர் ஆய்வகமும் கூடவே ஓட வேண்டும் என்பதை.

எக்ஸ்-ரே பெட்டி பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செடி, உணவு, சோப்பு போன்ற கரிமப் பொருளெல்லாம் ஆரஞ்சு, உலோகம் நீலம், இரண்டும் கலந்த நடுத்தரம் பச்சை. கஞ்சாப் பொட்டலமும் ஆரஞ்சு, மனு பார்க்க வருபவர் கொண்டுவரும் பிஸ்கட்டும் சோப்பும் ஆரஞ்சு. நிறத்தைப் பார்த்துப் பிடிப்பது நடக்காது. பிஸ்கட் அடுக்கு எப்படித் தெரியும் என்று ஆயிரம் பாக்கெட் பார்த்த கண்ணுக்குத்தான் அடுக்கில் ஒன்று கலைந்திருப்பது படும். விமான நிலையங்களில் திரைக்கு முன்னால் ஒருவரைத் தொடர்ந்து இருபது நிமிடத்துக்கு மேல் உட்கார வைப்பதில்லை. நம் கேட்டில் ஒருவரே காலை முழுக்க உட்காருகிறார்.

உடலை ஊடுருவிப் பார்க்கும் ஸ்கேனர் வந்தால் கதிர்வீச்சு என்ற பொறுப்பும் கூடவே வரும். பொதுமக்களுக்கான எல்லை ஆண்டுக்கு 1 மில்லிசீவர்ட். இங்கிலாந்தில் ஒரு கைதியை ஆண்டுக்கு 116 முறைக்கு மேல் இப்படிப் படம் எடுக்கக் கூடாது என்று வரம்பு வைத்து, ஒவ்வொரு முறையும் பதிவு செய்கிறார்கள். அந்தப் பதிவேட்டை யார் எழுதுவது என்று முடிவு செய்யாமல் ஸ்கேனரை இறக்கக் கூடாது. லேசர் அடித்துப் பெயர் சொல்லும் ராமன் கருவி, வெள்ளைப் பொடிக்கும் மாத்திரைக்கும் அருமையானது. பச்சையும் பழுப்புமாக இருக்கிற கஞ்சா, லேசர் பட்டதும் தானே ஒளிர்வதால் கருவி திணறும். நம் சிறைகளில் பிடிபடுவதில் பெரும்பகுதி கஞ்சா என்பதால், அதை வாங்கும் முன் ஒருமுறைக்கு இருமுறை யோசிக்கலாம்.

இப்போது மூன்று வழிகளுக்கு வருவோம்.

கம்பெனி ஆள் வரும் ஒரு நாள் பயிற்சி எப்படி இருக்கும் என்று ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். நாற்பது பேர், ஒரு கருவி, ஆறு மணி நேரம். வரவேற்பு, விளக்கம், படக்காட்சி என்று இரண்டு மணி நேரம் போய்விடும். மீதி 240 நிமிடம். தலைக்கு ஆறு நிமிடம். டீக்கு விட்ட நேரத்தைக் கழித்தால் ஐந்து. நான் பின்வரிசையில் உட்கார்ந்து பார்த்த ஒரு பயிற்சியில், வந்தவர் தான் கொண்டுவந்த மாதிரியைத் துடைத்துச் செருகினார், சிவப்பு. எல்லோரும் கைதட்டினார்கள். பிறகு காவலர்கள் ஒவ்வொருவராக வந்து தங்கள் கையைத் துடைத்துப் பார்த்தார்கள். முதல் ஆறு பேருக்கும் சிவப்பு. ஆறு பேரும் முகம் வெளிறிப் போனார்கள். காரணம் ஒன்றுதான். மாதிரியைத் தொட்ட அதே கையுறையோடு அவர் பட்டைகளை எடுத்து எடுத்துக் கொடுத்தார். நான் எழுந்து சொன்ன பிறகு கையுறையை மாற்றினார், கருவியைச் சுத்தமாகும் வரை சூடாக்கி ஓட்டினார், பிறகு பச்சை வந்தது. அன்றைய நாளின் மிக நல்ல பாடம் அதுதான். ஆனால் அது பாடத்திட்டத்தில் இல்லை, விபத்தாக வந்தது. தவிர, தன் கருவி எங்கே தோற்கும் என்பதை விற்பவர் வாயால் சொல்வார் என்று எதிர்பார்ப்பதும் நியாயமில்லை. அவர் வேலை அது இல்லை.

அதற்காக இந்த வழியைத் தூக்கி எறியச் சொல்லவில்லை. கருவியைத் திறப்பது, வடிகட்டியை மாற்றுவது, தினமும் காலையில் அளவு சரிபார்ப்பது, பட்டியலைப் புதுப்பிப்பது, இதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். முதல் நாளுக்கு அவர்கள் வேண்டும். அதையே முழுப் பயிற்சி என்று கணக்கில் எழுதிவிடுவதில்தான் தவறு இருக்கிறது.

வேலூருக்கு அனுப்புவதை நான் மதிக்கிறேன். 1979இல் தொடங்கிய நிறுவனம் அது. சிறை மற்றும் சீர்திருத்த நிர்வாக அகாடமி என்ற அதன் ஆங்கிலப் பெயரைச் சுருக்கி எல்லோரும் 'ஆப்கா' என்பார்கள். தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா, ஆந்திரா, தெலங்கானா என்று தென் மாநிலச் சிறை அலுவலர்கள் அங்கே சேர்ந்து உட்காருகிறார்கள். சட்டம், கைதியின் உரிமை, சோதனை செய்யும் முறை, மனநலம் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் வைத்துப் பேச முடிகிறது. கேரளக்காரர் தன் சிறையில் எதைப் பிடித்தார் என்பதைச் சாப்பாட்டு மேசையில் சொல்வதே ஒரு பாடம். சான்றிதழுக்கு மதிப்பும் உண்டு; நாளைக்குக் கோர்ட்டில் குறுக்கு விசாரணையில் "உங்களுக்கு என்ன பயிற்சி?" என்று கேட்டால் சொல்ல ஒரு பதில் இருக்கும்.

குறை எங்கே என்றால், போகிறவர் யார் என்பதில். பயிற்சிக்குப் பெயர் கேட்டுக் கடிதம் வந்தால் உதவி சிறை அலுவலர் போவார், இல்லையென்றால் அந்த வாரம் எவரை விட முடியுமோ அவர் போவார். பாளையங்கோட்டையிலிருந்து வேலூருக்கு ஓர் இரவுப் பயணம். வீட்டில் சின்னக் குழந்தை உள்ள பெண் காவலர் தயங்குவார், பெயர் வேறொருவருக்குப் போகும். ஐந்து நாள் கழித்துத் திரும்பி வருபவர் கேட்டில் நிற்கும் ஆள் இல்லை. ஆறு மாதத்தில் அவருக்கு இடமாற்றமும் வந்துவிடும். கருவியைத் தொடுகிற காவலருக்கு அவர் எடுத்துவந்த குறிப்புப் புத்தகம்கூடக் கிடைக்காது. அங்கே பழகிய கருவியும் இங்கே இருக்கும் கருவியும் ஒரே மாடலாக இருக்கும் என்பதற்கும் உத்தரவாதமில்லை.

மூன்றாவது வழியில் எட்டுப் பேர் போதும். கேட்டிலும் மனு அறையிலும் முறை மாற்றி நிற்கும் முதல்நிலை, இரண்டாம் நிலைக் காவலர்களிலிருந்து எட்டுப் பேரை எடுக்க வேண்டும். முதல் மூன்று நாள் முழுப் பயிற்சி: ஒரு நாள் கம்பெனி ஆளோடு, ஒரு நாள் வட்டார தடய அறிவியல் ஆய்வகத்து ஆளோடு, ஒரு நாள் உள்ளூர்க் காவல் நிலைய ஆய்வாளரோடும் சிறை மருத்துவரோடும். கோவை, மதுரை, சேலம், திருநெல்வேலி என்று சிறைக்குப் பக்கத்திலேயே வட்டார ஆய்வகங்கள் இருக்கின்றன. சென்னையில் மயிலாப்பூரில் தலைமை ஆய்வகமே இருக்கிறது. அதற்குப் பிறகு வாரம் ஒரு மணி நேரம், அவரவர் கேட்டில், அவரவர் கருவியில்.

அந்த ஒரு மணி நேரத்தில் என்ன செய்வது என்று கேட்பார்கள். ஐந்து கவர் கொடுங்கள். ஒன்றில் துளசிப் பொடி, ஒன்றில் பீடித் தூள், ஒன்றில் பாரசிட்டமால் பொடி, ஒன்று காலி, ஒன்றில் ஆய்வகம் கணக்கு வைத்துக் கொடுத்துத் திரும்பப் பெறும் மாதிரி. எது எதில் என்பது பயிற்சி கொடுப்பவருக்கும் தெரியக் கூடாது. தெரிந்தால் அவர் முகமே காட்டிக்கொடுத்துவிடும். முடிவைக் காவலர் எழுதிக் கையெழுத்துப் போட்ட பிறகு கவரைப் பிரிக்க வேண்டும். ஒரு சிறையில் இதைச் செய்தபோது முதல் வாரம் காலிக் கவருக்கே மூன்று பேர் 'கஞ்சா' என்று எழுதினார்கள். கவரில் ஏதோ இருக்கத்தான் வேண்டும் என்ற நினைப்பு. ஐந்தாவது வாரத்தில் ஒரு பெண் காவலர், வயது நாற்பதைத் தாண்டியவர், ஒரு கவரைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னார்: "இது எனக்குத் தெரியல சார். கரைசல் பழசு மாதிரி இருக்கு, புதுப் பெட்டி குடுங்க." பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் கெடு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. எங்களில் யாரும் அதைக் கவனிக்கவில்லை.

செலவு என்று வரும்போது எல்லோரும் மூன்றாவது வழியைத்தான் பார்த்துப் பயப்படுகிறார்கள். ஆள் பற்றாக்குறை உள்ள இடத்தில் வாராவாரம் எட்டுப் பேரை எப்படி விடுவது என்று. கணக்கைப் போட்டுவிடலாம். 150 காவலர்களுக்கு ஒரு நாள் பயிற்சி என்றால் 150 ஆள்-நாள். எட்டுப் பேருக்கு மூன்று நாள், 24 ஆள்-நாள். பிறகு வாரம் ஒரு மணி நேரம், 52 வாரம், 416 மணி நேரம், அதாவது எட்டு மணி நேரக் கணக்கில் 52 நாள். மொத்தம் 76. பாதிதான் ஆகிறது. பயம் எதனால் வருகிறது என்றால், 150 நாள் ஒரே வாரத்தில் முடிந்து மறந்துபோகிறது. 76 நாள் வருடம் முழுக்கக் கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கிறது. அந்த ஒரு மணி நேரத்துக்கு கேட்டில் மாற்று ஆள் யார் என்று டூட்டி சீட்டிலேயே பெயர் எழுதாவிட்டால் இந்த வழி மூன்றாவது வாரத்தில் செத்துவிடும். நானே அப்படிச் செத்ததைப் பார்த்திருக்கிறேன். ஆறாவது வாரம் நான் போனபோது பயிற்சி அறையில் அரிசி மூட்டை அடுக்கியிருந்தது.

பொய் எச்சரிக்கை பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு நாளில் 300 பேர் மனு பார்க்க வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். கருவி நூற்றுக்கு இரண்டு முறை சும்மா அடிக்கிறது என்றும், உண்மையிலேயே கொண்டுவருபவர் ஒருவர்தான் என்றும் வைப்போம். அன்று ஏழு முறை சிவப்பு எரியும். அதில் ஆறு பேர் ஒன்றும் அறியாதவர்கள். கருவி 'நூற்றுக்குத் தொண்ணூற்றெட்டு சரி' என்று பெட்டியில் அச்சடித்திருக்கும். அது உண்மையாகவே இருந்தாலும், கேட்டில் சிவப்பு எரிந்தவர்களில் ஏழில் ஆறு பேர் நிரபராதி. இந்தக் கணக்கு மனதில் பதிந்த காவலர், சிவப்பு எரிந்ததும் "அம்மா, கொஞ்சம் இப்படி உட்காருங்க, கையுறை மாத்திட்டு இன்னொரு தடவை துடைச்சுப் பாக்கறோம்" என்பார். பதியாதவர் கூட்டத்துக்கு நடுவில் கையைப் பிடித்து நிறுத்துவார். சில்லறை வாங்கிய ரூபாய் நோட்டிலிருந்துகூடத் துகள் ஒட்டலாம். கையில் தூக்குப் பையோடு, மகனை மாதத்தில் ஒருமுறை பார்க்க வருகிற ஒருத்திக்கு அந்த இரண்டுக்கும் உள்ள தூரம் மிகப் பெரிது. முதல் வழியில் இதற்கு நேரமே இல்லை. இரண்டாவதில் அலுவலருக்குச் சொல்கிறார்கள், காவலருக்கு வந்து சேருவதில்லை.

மூன்றாவது வழிக்கும் குறை உண்டு, மறைக்கப்போவதில்லை. எட்டுப் பேர் யாரென்று உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிந்துவிடும். மிரட்டலும் வரும், ஆசை காட்டலும் வரும். எட்டுப் பேரும் ஒரே மாதிரி தவறைப் பழகிக்கொள்ளும் ஆபத்தும் உண்டு. பக்கத்துச் சிறைக் குழுவோடு மூன்று மாதத்துக்கு ஒருமுறை இடம் மாற்றிக் கவர் சோதனை நடத்தினால் அது வெளியே தெரியும். மதிலுக்கு மேலே பந்தில் அடைத்து வீசுவதை கேட்டில் இருக்கும் எந்தக் கருவியும் பார்க்காது, அதற்கு ரோந்துதான். கருவி வந்துவிட்டது என்று மதில் ரோந்தைக் குறைத்துவிடக் கூடாது.

என்னைக் கேட்டால் பணத்தையும் நேரத்தையும் மூன்றாவது வழியில் போட வேண்டும். முதல் வழியை அதற்குள் ஒரு நாளாக அடக்கிவிடலாம். வேலூருக்கு எட்டுப் பேரில் ஒருவரை, ஒரு வருடம் கேட்டில் பழகிய பிறகு அனுப்ப வேண்டும். அப்போதுதான் அங்கே கேட்பதற்கு அவரிடம் கேள்விகள் இருக்கும். சிறியதும் பெரியதுமாக எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. இருபது முப்பது பேர் மட்டும் இருக்கும் கிளைச் சிறைக்கு எட்டுப் பேர் குழு நடவாத காரியம். அங்கே கேசட்டும் சாயப் பெட்டியும் போதும், பக்கத்து மத்தியச் சிறைக் குழுவிலிருந்து ஒருவர் மாதம் ஒருமுறை போய் வரட்டும்.

டெண்டரில் அந்த ஒரு வரிக்குப் பதிலாக நான் எழுதச் சொல்வது இது. எட்டுப் பேரில் மூன்று பேராவது பெண் காவலர்களாக இருக்க வேண்டும்; மனு பார்க்க வருவதில் பாதிக்கு மேல் பெண்கள், அவர்களைப் பெண் காவலர்தான் தொட்டுச் சோதிக்கலாம். இரண்டு வருடம் அந்த எட்டுப் பேருக்கும் இடமாற்றம் இல்லை. பரிசோதனைப் பெட்டி கேட் அறையில் இல்லாமல் சிறை மருத்துவமனையின் ஃபிரிட்ஜ் பக்கத்தில், நிழலில் இருக்க வேண்டும், கெடு தேதி வெளியே தெரியும்படி. கேசட் பெட்டி ஒவ்வொன்றின் மேலும் தடித்த பேனாவில் தமிழில் எழுதி ஒட்ட வேண்டும்: இரண்டு கோடு என்றால் இல்லை.